செவ்வாய்க்கிழமைக் காப்பு

மதுரை செஷன்ஸ் கோர்ட்டில் சுருளியம்மாள் சாட்சிக்கூண்டு ஏறினாள். எதிர்க்கூண்டில் கொழுந்தன் ராக்கையா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்றான். பூசட்டும், நல்லாப் பூசட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பக்திதான் அவனைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் புருசன் முத்துவீரனைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. போன வருசம், எழுபத்துமூன்று சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. "அண்ணன் ஏலத்தோட்டத்துப் பொம்பளையோட மலையேறிப் போயிட்டாக" என்று ராக்கையா அனுமந்தன்பட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தான். சனிக்கிழமை பாழுங்கிணற்றில் பிணம் மிதந்தது. பின்மண்டையில் வெட்டு. அதற்கப்புறமும் அந்தப் பொம்பளைக் கதை சாகவில்லை. அவளுடைய ஆட்கள்தான் வெட்டியிருப்பார்கள் என்று புதுக்கால் முளைத்து நடந்தது. ராக்கையா விடுதலையானால் அதுவே உண்மையாகிவிடும். செத்தவர் மானத்தையும் சேர்த்துத் தோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

அரசு வக்கீல் ஜேசுராஜ் தேனி பஜார்க்காரர். காலையில் அவளிடம் உடைத்துச் சொல்லியிருந்தார். "பாத்த சாட்சி இல்லம்மா. சந்தர்ப்பத்த வச்சுத்தான் நிரூபிக்கணும். திராட்சப் பந்தல் மாதிரி. ஒவ்வொரு கல்லுக்காலும் நிக்கணும். எதிர்வக்கீல் ஒவ்வொண்ணா ஆட்டிப் பாப்பாரு. தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."

எதிர்வக்கீல் அய்யாத்துரை பெரிய கை. எழுந்ததுமே ஆட்டத் தொடங்கினார்.

"கூட்டுக்கிணறு வச்சிருந்தா தண்ணி முறைக்குச் சண்டை வர்றது வழக்கந்தானே?"

"வழக்கந்தாங்கய்யா."

"அடுத்தடுத்த தோட்டம். அன்னைக்கு உன் புருசனும் ராக்கையாவும் சேந்து போனதுல என்ன அதிசயம்?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா."

"உன் புருசன் மண்வெட்டி ராக்கையா வீட்டுல இருந்துச்சு. பங்காளிதானே, இரவல் வாங்கியிருப்பான்?"

"இரவல் வாங்குனவுக அத வைக்கப்படப்புக்குள்ள சொருகி வைக்க மாட்டாகய்யா."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. அய்யாத்துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த காலுக்குப் போனார்.

அதுதான் நடுக்கால். முத்துவீரன் காணாமல் போன மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஊர் அம்மனுக்குக் காப்புக்கட்டு. பன்னிரண்டு வருசமாக முதல் ஆளாகக் காப்புக் கட்டி அக்கினிச்சட்டி எடுத்த ராக்கையா அந்த வருசம் கையை நீட்டவில்லை. கோயில் படியையே மிதிக்கவில்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தீட்டு, காப்புக் கட்டக் கூடாது என்பது அந்த வகையறாவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பூசாரியும் முந்தின நாளே சாட்சி சொல்லியிருந்தார்.

"அன்னைக்கு ராக்கையாவுக்குக் காய்ச்சல். அதனாலதான் காப்புக் கட்டல" என்றார் அய்யாத்துரை.

"காய்ச்சக்காரன் அன்னைக்குக் காலைல மோட்டார் போட்டு வாழைக்குத் தண்ணி பாச்சுனான். அதுவும் எங்க முறைத் தண்ணிய."

அய்யாத்துரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கெட்ட நேரம், உட்காரவில்லை.

"சரி. செத்த சேதி தெரிஞ்சாத்தானே தீட்டு?"

"ஆமாங்கய்யா."

"பிணம் கிடைச்சது சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஊருல ஒருத்தருக்கும் சேதி தெரியாது. அப்ப அன்னைக்கு எங்கருந்து வந்துச்சு தீட்டு?"

சுருளியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. நேராக ராக்கையாவைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கும் தெரியாதுதான். தாலி கட்டுன எனக்கே தெரியாது. அவுக நல்லபடியாத் திரும்பி வரணும்னு மஞ்ச பூசிக் குளிச்சு மாவிளக்கு எடுத்துட்டுப் போனேன். வேப்பமரத்தடியில நின்ன இவன் ஓடியாந்து மறிச்சான். 'மதினி, இந்த வருசம் நீயும் உள்ள போக வேணாம்'னான். ஏன்டான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஊருக்கே தெரியாத சாவுய்யா. இவனுக்கு மட்டும் யாரு வந்து சேதி சொன்னாக?"

அய்யாத்துரை கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். ராக்கையாவின் நெற்றியில் வேர்த்துத் திருநீறு கரைந்து இறங்கியது. கொலைக்கு அஞ்சாதவன், தீட்டோடு ஒரு விளக்கு அம்மன் முன்னால் போய்விடக் கூடாதே என்று அஞ்சியிருக்கிறான். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சியிடம் மறுவிசாரணை உண்டா என்று கேட்டதற்கு ஜேசுராஜ், "தேவையில்லை" என்றார்.

பதினைந்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சந்தேகம்தான், சேர்த்துப் பார்த்தால் ராக்கையாவைத் தவிர இன்னொருவனுக்கு இடமே இல்லை என்றார் நீதிபதி. ஆயுள் தண்டனை.

வராந்தாவில் ஜேசுராஜ், "ஜெயிச்சுட்டோம்மா" என்றார். அதுவரை கண் கலங்காதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள்.

"அவுக கிணத்துக்குள்ள கெடக்கையில தீட்டோட ஆத்தாளுக்கு விளக்கு எடுத்தேனேன்னு ஒரு வருசமா மருகிட்டுக் கெடந்தேன்ய்யா. நான் எடுத்துட்டுப் போகப் போயித்தான அவன் வாய விட்டான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஊர்க்காரி ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்து, "ஒம் புருசன் தங்கமான மனுசன்டி" என்றாள்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் சுருளியம்மாள்.