ஒரு நாள் லீவு

"ஆஃப்ஷீன், வெளியே உங்கண்ணன் வந்திருக்காராம்" என்று சூப்பர்வைசர் சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே அர்பாஸ் பைக்கில் உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நன்னா போயிட்டாருடி. காலைல ஆறரைக்கு. உன் போனுக்கு அடிச்சு அடிச்சு கை ஓஞ்சு போச்சு."

போன் லாக்கரில் கிடந்தது. வேலை நேரத்தில் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அவனே கிளம்பி வந்து பதினொன்றரைக்கு செக்யூரிட்டியிடம் சொல்லியிருக்கிறான். அது ஆள் ஆளாகத் தாண்டி என் லைனுக்கு வர இவ்வளவு நேரம். நாசமாய்ப் போகட்டும் அந்த லைன்.

"முகத்தயாவது பாத்துடுவேனாண்ணா?"

"ளுஹர் தொழுகைக்கு எடுக்கறாங்க. ஒன்னேகால்னு சொன்னாங்க. ஏறு மொதல்ல."

கம்பெனி மதிலை ஒட்டியே பைக் பறந்தது. இந்த மதிலுக்குக் கல் சுமந்தவர் எங்கள் நன்னா, அம்மாவைப் பெற்ற லால் பாஷா. பன்னிரண்டு வயதில் கெலமங்கலம் சந்தையில் மூட்டை தூக்க ஆரம்பித்தவர். ஓசூரில் கம்பெனிகள் வர வர, கட்டிட வேலைக்கு வந்தார். முதுகு முடியாமல் போனதும் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம். எண்பத்திரண்டு வயதுவரை அந்த வண்டி நிற்கவில்லை. காய்ச்சல் வந்தால், "அது பாட்டுக்கு வரட்டும், நான் பாட்டுக்குப் போறேன்" என்பார். அம்மாவின் கல்யாணத்தன்றுகூட இரண்டு லோடு இறக்கிவிட்டு வந்துதான் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஸலாம் சொன்னாராம். நான் ஒரு நாள் மட்டம் போட்டால் போதும், "லீவுன்னு ஒன்ன நான் பாத்ததே இல்லம்மா" என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உத்தனப்பள்ளிக்குள் நுழைந்தபோது எங்கள் தெருவில் ஆண்கள் ஒருவரும் இல்லை. வாசலில் கிடந்ததெல்லாம் பெண்களின் செருப்பு. கட்டில் காலியாக இருந்தது.

அர்பாஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு கபர்ஸ்தானுக்கு ஓடினான். அவன் மூன்று பிடி மண் போடலாம். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. முகம் பார்ப்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதுவும் போயிற்று.

"எப்பேர்ப்பட்ட மனுசன்!" பக்கத்து வீட்டு மாரம்மா மூக்கைச் சிந்தினாள். "தானும் ஒரு நாள் லீவு போட்டதில்ல, மத்தவங்களயும் போட வுட்டதில்ல."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "கடேசியா அவருகிட்ட பேசுனது நீதான்டி. நான் எந்திரிக்கறப்பவே பேச்சு நின்னுடுச்சு. காலைல உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

சொன்னார். நாலரை மணிக்கு, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நான் அவசர அவசரமாகத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, படுத்தபடியே என் துப்பட்டாவைப் பிடித்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடேம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரு பேசறது, லால் பாஷாவா? நீங்க என்னிக்காவது போட்டிருக்கீங்களா நன்னா?" என்றேன். அவரும் சிரித்தார். துப்பட்டாவை விட்டுவிட்டார். பாவி நான், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரமா போயிட்டு வான்னாரும்மா" என்றேன்.