ஒரு நடைக்கு எட்டணா

அன்றைக்குக் காலையில் அவர் கூழைக் குடித்துவிட்டு, மோர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதையும் குடித்தார். கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மாட்டுக்கு லாடம் அடிக்க ஆணி வாங்கிவர நாராயணவனம் போவதாகச் சொன்னார். மழை விட்டால் திண்ணையில் கொட்டியிருந்த நெல்லைக் கிளறிவிடச் சொன்னார். மழை விடவில்லை. மதியத்துக்குள் ஆற்றில் பரிசல் கவிழ்ந்தது. ஏறிய பதினோரு பேரில் மூன்று பேர் உயிரோடு கரைக்கு வரவில்லை. அதில் ஒருவர் என் வீட்டுக்காரர் உமாபதி.

பரிசல் ஓட்டிய கங்கையா பிழைத்துக்கொண்டார்.

எங்கள் ஊருக்கு வருஷத்தில் பாதி நாள் ஆறு என்பது மணல்தான். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மட்டும் நாங்கள் தீவு. சந்தை, டாக்டர், பஸ் எல்லாம் அக்கரையில். கங்கையாவும் அவருக்கு முன்னால் அவருடைய நைனாவும் எங்களைக் கடத்திவிட்டார்கள். ஊர்க்காரர் யாரும் காசு கொடுத்ததில்லை. அறுவடையில், நெல்லைத் தூற்றி வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் வீட்டுக்கு ஒரு மரக்கால் கங்கையாவுக்கு அளந்துவிடுவோம். அதைக் கூலி என்று யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் அவருக்குக் கோபம் வரும். காசு கொடுத்தவர்கள் வெளியாட்கள்தான்: வளையல்காரர், மணிலாக்கொட்டைத் தரகர், எப்போதாவது ஒரு கோர்ட் அமீனா.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகு, பரிசல் துறையை ஏலம் விடப்போவதாகச் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வந்தது சித்திரை மாதம். மணலில் எங்களோடு நடந்தே ஆற்றைக் கடந்தார். கூலி கொடுத்துக் கடப்பவர்கள் எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டார். ஊரில் தெலுங்கு நன்றாகப் பேசுகிறவர் என் வீட்டுக்காரர். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் என்றார். அதுதான் உண்மை. அதிகாரி எழுதிக்கொண்டார். அவ்வளவு கொஞ்சம் பேரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் ஏலம் எடுக்கிற குத்தகைக்காரருக்குக் கட்டாது என்று, ஒரு நடைக்கு எட்டணா, எத்தனை பேர் ஏறினாலும் அதேதான் என்று உத்தரவு வந்தது.

ஊர்க்காரரும் இனிக் காசு போட வேண்டும், ஆனாலும் ஊரில் சந்தோஷம். எத்தனை பேர் ஏறினாலும் எட்டணா என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கரையில் கூட்டம் சேரும்வரை காத்திருந்து, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மொத்தமாக ஏறினார்கள். முன்பெல்லாம் ஆறு பேர் உட்கார்ந்ததும் கங்கையா துடுப்பை எடுத்துவிடுவார். ஏழாவது ஆள் ஊர்ப் பெரியதனக்காரராக இருந்தாலும் கரையில் நிற்க வேண்டியதுதான். இப்போது கங்கையா குத்தகைக்காரரின் சம்பள ஆள். இறங்கச் சொன்னால், "காசு போட்டுட்டோம், இன்னும் இன்னாத்துக்கு இறங்கணும்?" என்பார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் ஆற்றுப் பக்கம் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. படுத்தால் எழுந்துகொள்வேன், எழுந்தால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். கரையில் புதுப் பரிசல். அதில் ஒன்பது பேர். பக்கத்து வீட்டு ரத்தினம்மா மடியில் பால்குடிக் குழந்தையோடு இருந்தாள். இறங்கு என்று கத்தினேன். புருஷனை வாரிக்கொடுத்தவள், பாவம், என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பரிசல் போய்விட்டது. அது அக்கரை சேரும்வரை கரையிலேயே நின்றேன். அதன் பிறகு தினமும் போனேன்.

தை பிறந்ததும் சித்தூரில் விசாரணை என்று தாக்கீது வந்தது. கங்கையாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று குத்தகைக்காரர் எழுதிக்கொடுத்திருந்தார். கூட்டத்தைக் குறைக்க ஒரு நடைக்கு ஒரு ரூபாய் ஆக்கப்போவதாகவும் பேச்சு. ஒரு ரூபாய் என்றால் எங்கள் ஜனம் இன்னும் அதிகம் பேர் சேரும்வரை காத்திருக்கும். இது எனக்கு உடனே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆதிநாராயணன் போவதாக இருந்தது. நானும் வருகிறேன் என்றேன். திருப்பதியில் பஸ் மாறினோம். பஸ் புத்தலப்பட்டைத் தாண்டியது. விசாரணையில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மாமா கேட்டார். நாங்கள் எல்லோருமே கடக்கிறோம், நெல் கொடுக்கிறோம் என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

"அப்ப எந்தம்பி சர்க்காருக்குப் பொய் சொன்னான்னு ஆவும்."

"பொய் இல்ல மாமா. கேட்டதுக்குச் சொன்னாரு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்கு? செத்தவனுக்கு மிச்சம் இருக்கறது அந்தச் சொல்லு ஒண்ணுதான். அதயும் நீயே அழிக்கப்போறியா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஓடுகிறதா, நான் ஓடுகிறேனா என்று இருந்தது.

விசாரணையில் அதே அதிகாரி. என் வீட்டுக்காரர் சொன்னதை வாசித்துக் காட்டினார். என் பக்கம் திரும்பி, "செப்பம்மா" என்றார். சொன்னேன். வீட்டுக்கு ஒரு மரக்கால் என்றதும் குத்தகைக்காரரின் ஆள் சிரித்தான்.

"வருஷம் பூரா இனாமா போய்க்கினு வந்துட்டு, இப்ப நாயம் பேச வந்துட்டாங்க."

"இனாம் இல்ல," என்றேன். "நெல்லு குடுத்த வரைக்கும் யாரு ஏறணும்னு கங்கையா சொன்னாரு. இப்ப உங்க எட்டணா சொல்லுது. தலைக்கு இவ்ளோன்னு போடுங்க. ஆறு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு போடுங்க."

அதிகாரி யோசித்தார். தலைக்கு ஓரணா என்று வைத்தால், இரண்டே பேர் வந்து நிற்கிற நாளில் பரிசல் நகருமா, பிரசவக்காரி வந்தால் ஆறு பேர் சேரும்வரை காக்க வைப்பார்களா என்று கேட்டார். அதை நான் யோசிக்கவில்லை.

ஆதிநாராயணன் மாமா எழுந்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கொறையறத நாங்க களத்துல அளந்துடறோம் சாமி. எப்பவும் அளக்கறதுதான். எந்தம்பி அதக் கணக்குல சேக்கல. எங்க ஊர்ல யாருமே சேக்க மாட்டோம்."

நெல்லை உத்தரவில் எழுத முடியாது என்றார் அதிகாரி. தலைக்கு ஓரணா, ஆறு பேர், எண்ணிக்கை ஓட்டுகிறவர் பொறுப்பு என்று மட்டும் எழுதினார். ஓட்டுகிறவர் பேச்சை மீறி ஏறினால் அபராதம் என்று சேர்த்தார். கங்கையா மேல் குற்றம் இல்லை என்றார். ஏரியிலிருந்து வரும் காற்று போல ஏதோ ஒன்று என் முகத்தில் பட்டது. பிறகு அவர் பழைய வாக்குமூலத்தை எடுத்து, அது தவறான தகவல் என்பதால் நீக்கப்படுகிறது என்று சொல்லி, குறுக்கே ஒரு கோடு போட்டார். உமாபதி என்கிற பெயரின் மேலும் அந்தக் கோடு போயிற்று. மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

வெளியே வந்தபோது மாமா, டீ குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தோம்.

ஏழாவது ஆளாக ஏறப்போனவர்களைக் கங்கையா கரையில் நிறுத்தினார். சிலர் திட்டிக்கொண்டே நின்றார்கள். நான் ஆற்றுக்குப் போவதை மெல்ல விட்டேன். எங்கள் ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்கிற எல்லைத் தகராறு தீரட்டும், யார் பாலம் கட்டுவது என்று அப்புறம் பார்க்கலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்ந்தது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். பாலமும் வந்தது. லாரி போகிறது, காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் போகிறார்கள்.

வெள்ளம் வந்தால் பாலத்து மேலிருந்து பார்ப்பேன். ஆற்றுக்கு நடுவில்தான் ஆழம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நடுவில் இல்லை. வடகரையை ஒட்டித்தான், பரிசல் கவிழ்ந்த இடத்தில். இப்போதும் அங்கேதான்.