கூறைச்சேலை ஒரு பஸ்ஸில், நாச்சம்மாள் ஒரு பஸ்ஸில்

எழுபத்து நாலாம் வருஷம், ஆவணி மாசம், பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் எள் போட்டால் எள் விழாது. உடுமலையிலிருந்து வந்து இறங்கிய நாச்சம்மாள் கூட்டத்தைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கூட்டத்துக்குப் பயப்படுகிற பிறவியா அவள்? கொழிஞ்சாம்பாறை பஸ் உள்ளே நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் தன் மஞ்சப்பையை ஒரு சீட்டில் போட்டுவிட்டாள். பையைப் போட்டால் சீட்டு நம்முடையது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாவிட்டால் என்ன, ஊர் உலகத்துக்குத் தெரிந்த நியாயம் அது.

பைக்குள் இருந்தது கூறைச்சேலை. தம்பி சின்னமுத்துவுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் மாப்பிள்ளை வீட்டு இணைச்சீர். மாப்பிள்ளையும் கூடப் பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்கிற சீர். அது ஆகாமல் தாலி கிடையாது. கூடப் பிறந்தவள் வராவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை உட்கார வைத்துவிடுவார்கள். பெரியப்பா மகள் பூமாரி அதற்கென்றே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருப்பாள் என்று நாச்சம்மாளுக்கு ஒரு நினைப்பு. அம்மா செத்தபோது சின்னமுத்துவுக்கு மூன்று வயசு, இவளுக்குப் பதினொன்று. இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறு ஊட்டி, ஆளாக்கிய தம்பி. அந்த இடத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுப்பாளா? உயிர் போனாலும் மாட்டாள்.

இறங்குகிறவர்கள் இறங்கட்டும் என்று வாசலருகே நின்ற அந்த ஒரு நிமிஷத்தில்தான் பக்கத்து பஸ்ஸிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“நா போட்ட பைங்க அது. எடுத்துக் கீழ வெச்சுட்டீங்களே!”

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது நாச்சம்மாளுக்குப் பிறவிக்குணம். அடுத்த நொடி அந்த பஸ்ஸுக்குள் இருந்தாள். முக்காடு போட்ட ஒரு அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். அவள் பையைக் காலடியில் தள்ளிவிட்டு ஒரு மீசைக்காரன் சீட்டில் சாய்ந்திருக்கிறான்.

“ஏனுங்க, இத்தாச்சோடு மீச வெச்சிருக்கறீங்களே, கொஞ்சம் நாயமும் வெச்சிருக்கக் கூடாதுங்களா? பை போட்டவங்கதானுங்க சீட்டுல உக்காரோணும். எந்திரீங்க!”

“கேக்கறதுக்கு நீங்க யாருங்க?”

“நானா? சொல்றனுங்க, இருங்க!”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். முதல் கேள்விக்கு முன் சீட்டு சிரித்தது. நாலாவது கேள்விக்கு பஸ்ஸே அவள் பக்கம். மீசைக்காரன் எழுந்து பின்னால் போய்விட்டான். முக்காட்டு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, “மூச்சு வாங்குது உங்களுக்கு. சித்த உக்காருங்க” என்றாள். அவள் பெயர் ஐசும்மா. நாச்சம்மாள் உட்கார்ந்தாள். சண்டையை முதலிலிருந்து பார்க்காத பின் சீட்டுக்காரிக்கு, அதை முதலிலிருந்து சொன்னாள். தான் கேட்டதை ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்தும் சொன்னாள். ஜெயித்த சந்தோஷத்தில் பஸ் புறப்பட்டதோ, டவுன் தாண்டியதோ, ஆற்றுப்பாலம் போனதோ அவளுக்குத் தெரியவே இல்லை.

கூட்டத்தில் நீந்தி நீந்திக் கண்டக்டர் வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று.

“கொழிஞ்சாம்பாறை ஒண்ணு குடுங்க.”

“ஏனுங் அம்மிணி, அந்த வண்டி கோபாலபுரம் வழியாப் போகுமுங்க. இது மீனாட்சிபுரம் வழியா கொல்லங்கோடு போறது!”

நாச்சம்மாள் மடியைத் தொட்டுப் பார்த்தாள். பை இல்லை. அட பாவி மகளே! ஊரான் சீட்டுக்கு வக்காலத்து வாங்கப் போய், உன் தம்பி கல்யாணத்தையே தெருவில் விட்டுவிட்டாயே! தன்னைத்தானே திட்டிக்கொண்டவள் வாய்விட்டே கத்தினாள்.

“நிறுத்துங்க! கூறச்சேல அந்த பஸ்ஸுல போகுது!”

“இங்க எறங்கி என்னங்க பண்ணுவீங்க? பொள்ளாச்சி திரும்பி வேற பஸ்ஸு புடிச்சா ஏழரை ஆயிருமுங்க” என்றார் கண்டக்டர்.

ஐசும்மா அவள் கையைப் பிடித்தாள். “அழுவாதீங்க தங்கச்சி. எங்கூட மீனாட்சிபுரத்துல எறங்குங்க. எங்க ஊட்டுக்காரரு மாட்டு ஏவாரி. வண்டி நிக்குது.”

மாட்டு வியாபாரி மொய்து அப்போது வீட்டு முன்னால் இரண்டு வெள்ளைக் காளைகளுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.

“ஞாயித்துக்கெழம ரேக்ளாப் பந்தயத்துக்கு வெச்சிருக்கற சோடி. பத்து மைலு ஓட்டினா காலு பிடிச்சுக்குமே...”

“முன்னப் பின்னத் தெரியாத எனக்காக இவங்க மல்லுக்கு நின்னாங்க. இப்பப் பூட்டறீங்களா, நா பூட்டட்டுமா?” என்றாள் ஐசும்மா.

மொய்து நுகத்தடியைத் தூக்கினார். பூட்டினார். ஐசும்மாவும் ஏறிக்கொண்டாள்.

வண்டியா அது! காளைகள் கிளம்பிய வேகத்தில் நாச்சம்மாள் பின்பக்கம் உருண்டு போய்த் தட்டியைப் பிடித்துக்கொண்டாள். கடலைக் காடும் பனைமரமும் பின்னால் ஓடின. ஒரு மைலுக்குள் பயம் விட்டுப்போயிற்று. “இன்னும் முடுக்குங்கண்ணா!” என்று எழுந்து நின்றே கத்தினாள். எதிரே வந்த பால்காரர்கள் சைக்கிளோடு வரப்பில் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

குறுக்கு வழியில் இருந்த ஆற்றில்தான் வந்தது வினை. முழங்கால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. நடு ஆற்றில் சக்கரம் மணலில் புதைந்து வண்டி நின்றுவிட்டது. மேற்கே சூரியன் பனை உயரத்துக்கு வந்திருந்தான். மொய்து தண்ணீரில் குதித்துப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.

“அம்மிணி, கயித்தப் புடிங்க! அடிக்க வேண்டாம். சத்தம் போட்டாப் போதும்!”

சத்தம் போடவா சொல்லித்தர வேண்டும்? கயிற்றைச் சுண்டி, நாச்சம்மாள் வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், காளைகள் இரண்டும் வண்டியோடு கரையேறிப் பத்தடி தாண்டித்தான் நின்றன. நனைந்த கோழி மாதிரி ஓடி வந்து ஏறிக்கொண்ட மொய்து கயிற்றைத் திரும்பக் கேட்கவில்லை. மிச்ச வழி முழுக்க அவளே ஓட்டினாள்.

கொழிஞ்சாம்பாறை பஸ் நிற்கிற இடத்தில் ஒரே கும்பல். வண்டி நெருங்க நெருங்க அவள் கும்பலுக்குள் பூமாரியின் பட்டுச்சேலையைத் தேடினாள். கும்பலை விலக்கிக்கொண்டு முதலில் ஓடி வந்தவள் பூமாரி. பட்டுச்சேலை கட்டவில்லை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“அக்கா வந்துட்டாங்க! அடே சின்னமுத்து, அக்கா வந்துட்டாங்கடா!”

புது வேட்டியும் சந்தனமுமாக ரோட்டு ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தான் சின்னமுத்து. நெஞ்சோடு அணைத்திருந்தது அந்த மஞ்சப்பை. அக்காவை அழைக்க வந்தவன், பையை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கிய நேரம் முதல் அங்கேயேதான் இருந்தானாம். நேரமாகிறது, பூமாரியை வைத்துச் சீரை முடிப்போம் என்று மாமன்மார் கெஞ்சியும் பார்த்திருக்கிறார்கள், அதட்டியும் பார்த்திருக்கிறார்கள். எங்கக்கா வராமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டானாம். பூமாரியும் அந்த இடத்தில் நான் உட்கார மாட்டேன் என்றுவிட்டாளாம்.

நாச்சம்மாள் வண்டியிலிருந்து குதித்து அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “கூறு கெட்டவனே! சீருக்கு உக்கார வேண்டியவன் நடுரோட்டுல உக்காந்திருக்கறயே! எந்திரிடா!”

பூமாரியைப் பார்க்கத்தான் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

ஆறு மணிக்கு இணைச்சீர் நடந்தது. தலையெல்லாம் செம்மண், சேலை முழங்கால் வரை ஈரம். அப்படியே போய் உட்கார்ந்தாள் நாச்சம்மாள். முன்வரிசையில் ஐசும்மாவும் மொய்துவும். வழக்கப்படி நாவிதர் மங்கல வாழ்த்துப் பாட ஆரம்பித்தார். கூறைச்சேலையின் தலைப்பைச் சின்னமுத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

“மெல்லப் புடிடா, கசங்கீரும்” என்று கிசுகிசுத்தாள்.

“மாட்டன் போ. உட்டா நீ மறுக்கா எந்த பஸ்ஸுல ஏறுவியோ.”

பதில் சொல்ல வாயைத் திறந்தாள் நாச்சம்மாள். தன் பக்கத்துத் தலைப்பை அவளும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள்.