ஆமைக் கழுத்து

படகு மூன்றாவது வளைவைத் திரும்பிப் பாய்மரத்துக்கு அடியில் வந்ததும், மேலே நின்றிருந்த நட்சத்திரக்குட்டி குனிந்து கையசைத்தாள். வெள்ளோட்டம் பார்க்க வந்திருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். பெயிண்டக்கா மட்டும் தட்டவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். பொம்மை மூன்றாவது முறை குனியும்போது கழுத்து பாதியில் லேசாக ஒரு இழுப்பு இழுத்து, பிறகு மிச்சத்தை முடித்தது. விக்கல் வந்த மாதிரி.

அந்த விக்கல் அவளுக்குப் பழக்கமானது.

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் பதினாலு வருஷமாக அவள்தான் பெயிண்டர். கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்று யாரோ பெயிண்டக்கா என்று ஆரம்பிக்க, கடைசியில் சம்பளப் பிரிவில்கூட அப்படித்தான் கேட்டார்கள். படகுச் சவாரியின் பொம்மைகளெல்லாம் அவள் கைபட்டவை. முன்பு அது ஆமைக் கேப்டன் சவாரி. கடலில் வழிதவறிய ஆமை ஒன்று கப்பலோட்டக் கற்றுக்கொள்ளும் பழைய கார்ட்டூன் படத்தை வைத்துக் கட்டியது. காலம் போகப் போக அந்தப் படத்தைத் தெரிந்தவர்களுக்கு நரை விழுந்துவிட்டது. குழந்தைகள் ஆமையைப் பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். படக் கம்பெனி புதுசாக எடுத்த நட்சத்திரக்குட்டி படம் ஓடு ஓடென்று ஓடியது. அவ்வளவுதான், ஆமைக்குச் சீட்டுக் கிழிந்தது.

கடல் வானமானது. நீலச் சுவரெல்லாம் கருநீலமாகி, படகுகளுக்கு வால்நட்சத்திர வால் முளைத்தது. கூரையில் தொங்கிய உருண்டை மீனுக்கு ஒரு வளையத்தை மாட்டியதும் அது கிரகமாகிவிட்டது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. மீனைக் கிரகமாக்கியவளே பெயிண்டக்காதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விதி கறார்: சவாரி செய்பவர்களின் தலைக்கு மேலே அசைகிற எதுவும் பழையதாக இருக்கக் கூடாது. இரும்புக்கூடு முதல் மோட்டார் வரை புதிதாக வர வேண்டும். வந்தும் இருந்தது. பெரிய மரப்பெட்டியில் நட்சத்திரக்குட்டி வந்து இறங்கியதை அவளே கண்ணால் பார்த்தாள்.

அப்படியானால் அந்த விக்கல் எங்கிருந்து வந்தது?

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆமைக் கேப்டன் ஒரு நாள் பாய்மரத்திலிருந்து சாய்ந்து விழுந்தது. நல்லவேளை, அப்போது அடியில் படகு இல்லை. கழுத்துக் கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டினார்கள். அன்றிலிருந்து மூன்றாவது அசைவில் அந்த இழுப்பு. இழுப்பு இருந்ததால் அந்த இடத்தில் பெயிண்ட் நிற்கவே நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவள் ஏறிப் பூசிவிட்டு வருவாள்.

படகிலிருந்து இறங்கியதும் கொழுந்தனைத் தேடிப் போனாள். அவள் கணவரின் தம்பி அங்கேதான் எலக்ட்ரீஷியன். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். பொம்மைகளை ஆட்டுவிக்கும் பெட்டி அவன் பொறுப்பில் இருந்தது.

"ஏன்டா சின்னவனே, கழுத்து ஏன் அப்படி இழுக்குது?"

அவன் திரும்பாமலே ஒயரை முறுக்கினான். "புது மோட்டார் அண்ணி. ரெண்டு நாள் ஓடினா செட் ஆயிடும்."

"பழைய ஆமை மாதிரியே இழுக்குதே."

"உங்களுக்கு எல்லாமே ஆமையாத்தான் தெரியும்" என்று சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அப்போதுதான் அவன் நகக்கண்ணில் இருந்த பச்சையை அவள் கவனித்தாள். கடையில் கிடைக்கிற பச்சை இல்லை. பச்சையில் கொஞ்சம் காவியும் ஒரு துளி கறுப்பும் விட்டு அவளே கலந்தது. ஆமையைத் தவிர வேறு எதற்கும் அதை அவள் பூசியதில்லை. ஆமையை உடைத்துக் குப்பைக்கு அனுப்பி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார்கள்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சந்தேகம் என்பது கண்ணில் விழுந்த தூசி மாதிரி, கசக்கக் கசக்கப் பெரிதாகும். ஒரே வீட்டில் கொழுந்தன் குடும்பம் மாடியில், இவர்கள் கீழே. அதுவரை அவன் படியிறங்கும் சத்தத்தை அவள் கவனித்ததே இல்லை. இப்போது தினமும் எண்ணினாள். ஒரு நாள் மாலையில் அவன் மனைவி துணி எடுக்க வந்தபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"என்ன, உன் வீட்டுக்காரர் முகமே சரியில்ல?"

"என்னமோக்கா, சாப்பாட்டுல கையை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கார். கேட்டா ஒண்ணுமில்லங்கறார்" என்றாள் ஓரகத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலையில ஏதாவது பிரச்சனையா? உங்களுக்குத் தெரியாம இருக்காதே?" என்றாள்.

தெரியாதவள் கேட்கிறாளா, தெரிந்தவள் ஆழம் பார்க்கிறாளா? அதையும் அவளால் முடிவு செய்ய முடியவில்லை. புதுக் கூட்டை வெளியே விற்றுவிட்டுப் பழையதைச் சொருகியிருக்கிறான் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. தூக்கி வளர்த்த பிள்ளை அப்படிச் செய்வானா என்று இன்னொரு பக்கம் கேட்டது. கணவரிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்தார்.

"உன் கண்ணுக்கு எல்லாத்துலயும் விரிசல் தெரியும். அது உன் தொழில். வீட்டுக்குள்ள அந்தக் கண்ணைக் கொண்டுவராதே."

மறுநாள் நேராகத் தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவருக்குச் சிரிப்பு சார் என்று பட்டப்பெயர். லீவு கொடுத்தாலும் சிரிப்பார், கொடுக்காவிட்டாலும் சிரிப்பார். கழுத்து இழுப்பதை அவள் சொல்லி முடிக்கும்வரை சிரித்த முகமாகவே கேட்டார்.

"உங்க கண்ணு ரொம்பக் கூர்மைம்மா. இந்த வயசுல உயரத்துல ஏறி இறங்கறது கஷ்டமில்லையா? நுழைவாசல்ல போர்டு எழுத ஆள் வேணும். நிழல்ல உக்காந்து வேலை."

"நான் கழுத்தைப் பத்திக் கேட்டேன் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கழுத்து வலி வந்துடப் போகுது உங்களுக்கு."

தானே சொன்ன நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அன்று மதியம் சவாரியின் பின்கதவில் அவள் தன் அடையாள அட்டையைக் காட்டினாள். பச்சை விளக்கு எரியவில்லை. துடைத்துக் காட்டினாள், திருப்பிக் காட்டினாள். சிவப்புதான். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அந்தக் கதவடியிலேயே போய்விட்டது.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. முதல் நாள் சவாரிக்கு நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள்.

கதவைத் திறந்துவிட்டது கதையம்மாதான். படக் கம்பெனியிலிருந்து அலங்காரத்தை மேற்பார்வை பார்க்க வந்த அம்மாள் அவர். ஆணி அடித்தால்கூட, "இது கதைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பதால் அந்தப் பெயர். இரண்டாவது வெள்ளோட்டத்தில் நட்சத்திரக்குட்டியின் பிடரியில் ரப்பர் தோல் ஒட்டுவிட்டுப் பிளந்து, படகிலிருந்தே தெரிந்தது.

"பெயிண்டர் எங்க?" என்று அவர் சத்தம் போட்டார்.

"என் ஆளுங்களே ஒட்டிடுவாங்க மேடம்" என்றார் சிரிப்பு சார்.

"முகத்துலயும் தோல்லயும் கை வைக்கறது பெயிண்டர் மட்டும்தான். ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. கூப்பிடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் தூக்குவண்டியை இயக்கக் கொழுந்தனைக் கூடவே அனுப்பினார். ஏறும் முன் அவன் காதில் அவர் ஏதோ சொன்னதைப் பெயிண்டக்கா பார்த்தாள்.

தூக்குவண்டியின் கூண்டில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். அண்ணியும் கொழுந்தனும் தோளோடு தோள் உரச மேலே போனார்கள். கீழே தண்ணீரில் படகுகள் வரிசையாக நின்றன. கதையம்மாவும் சிரிப்பு சாரும் கரையில் அண்ணாந்து நின்றார்கள்.

"மேலாக ஒட்டிட்டு இறங்கிடலாம் அண்ணி" என்றான் அவன். "உள்ள பாக்காதீங்க."

"ஏன்?"

அவன் கீழே கரையைப் பார்த்தான். அவள் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். ஒட்டுவதற்குப் பதில் பிளவைக் கீழ்நோக்கி ஒரு சாண் கிழித்தாள். ரப்பர் தோல் வாய் திறந்தது. உள்ளே அவளுடைய பச்சை, சுரண்டியும் போகாமல் திட்டுத் திட்டாக, கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. புது மொந்தையில் பழைய கள்.

திட்டுவதற்கு வாயெடுத்தவள் நிறுத்தினாள். வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே மார்க்கர் பேனாவால் நாலு சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி. விரிசல் கடைசிக் கோட்டையும் தாண்டி ஒரு நகத்தளவு போயிருந்தது. கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவனுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான்.

"இதை நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"ஆமா அண்ணி."

"புதுசை என்னடா பண்ணின? வித்துட்டியா?"

அவன் முகம் அடி வாங்கினது போல ஆனது. "விக்கறதா? ஷெட்டுல தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்குது, போய்ப் பாருங்க. ரெண்டு சாண் உயரம் அதிகம். நிமிந்தா கூரையில இடிக்குது. அது நிக்கற மேடையை உடைச்சு இறக்கிக் கட்ட அஞ்சு வாரம் ஆகும்னாங்க. சார்தான் இப்போதைக்குப் பழசை மாட்டு, கூட்டமில்லாத மாசத்துல மாத்திக்கலாம்னார். முடியாதுன்னேன். அப்ப உனக்கும் வேலை இல்ல, உங்க அண்ணிக்கும் இல்லன்னுட்டார்."

"அதுக்கு?"

"தினமும் ஏறி அளந்தேன். ரொம்பப் போச்சுன்னா நானே நிறுத்திடலாம்னு இருந்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணி."

"நீ பாத்துக்கிட்டு இருந்தா அது விரியாம நின்னுடுமா?" பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள். "கீழ யாரு உக்காரப் போறாங்கன்னு தெரியும்ல?"

"என்னம்மா, முடிஞ்சுதா?" கீழேயிருந்து சிரிப்பு சாரின் குரல் கேட்டது.

இறக்கும் விசை கொழுந்தனின் கையில் இருந்தது. அவன் நினைத்தால், ஒட்டிவிட்டாச்சு என்று சொல்லிவிடலாம். அண்ணிக்குப் பொம்மைமேல் பாசம், உளறுகிறாள் என்றும் சொல்லலாம். அதையும்கூட அவன் செய்வான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். பெற்ற தாய் தவறிய பிறகு நாலு வயதில் இவள் கைக்கு வந்தவன். அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

விசையை அழுத்தினான். கூண்டு இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு அவனே முதலில் வெளியே வந்தான்.

"மேடம், நீங்க ஒரு தடவை மேல போய்ப் பாக்கணும். அண்ணி காட்டுவாங்க" என்றான். பிறகு, "அந்த நாலு கோடும் நான் போட்டதுதான்" என்றான்.

கதையம்மா ஏறினார். மேலே கிழிசலை விரித்து, விரிசலை விரலால் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் யாரிடமும் கதையைப் பற்றிக் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். சிரிப்பு சாரின் முகத்தில் சிரிப்பு அப்போதும் இருந்தது. எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது.

திறப்பு விழா தள்ளிப்போனது. விசாரணைக்காரர்கள் வந்து ஷெட்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். கொழுந்தன் சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. சிரிப்பு சார் விடுப்பில் போய் அப்படியே போய்விட்டார். தெரிந்தும் மறைத்ததற்காகக் கொழுந்தனுக்கு இரண்டு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். அனுமதியில்லாமல் பொம்மையின் தோலைக் கிழித்ததற்காகப் பெயிண்டக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அதை வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை ரெண்டு இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டில் கிடைத்த தண்டனைதான் பெரிது. ஓரகத்தி பேச்சை நிறுத்திவிட்டாள். துணி எடுக்க வரும்போது கொடியின் இந்தப் பக்கமே பார்க்க மாட்டாள். "வீட்டுல வெச்சுக் கேட்டிருக்கலாம்ல? ஊர் பாக்கத் தலைகுனிய வெச்சுட்டாங்க" என்று மாடியில் சொன்னது கீழே கேட்டது. வீட்டில் கேட்டபோது அவன் பொய்தானே சொன்னான் என்று படியேறிப் போய்ச் சொல்லத் தோன்றியது. ஆனால் 'வித்துட்டியா' என்று தான் கேட்டது நினைவுக்கு வந்ததும் கால் எழவில்லை. கொழுந்தன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வழக்கம்போல், "அண்ணி, தண்ணி வருது, மோட்டார் போடவா?" என்பான். அவளும், "போடு" என்பாள்.

மேடையை இறக்கிக் கட்டி, புதுக் கூட்டை ஏற்றி, வேறு ஊர் நிபுணர்கள் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவன் வேலைக்குத் திரும்பிய வாரமே திறப்பு விழா வந்தது. ஊழியர் குடும்பங்களுக்கும் அழைப்பு இருந்தது.

ஓரகத்தி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நின்றாள். சிறுமி படகைப் பார்த்துக் குதித்தாள். முன்னால் இருந்தவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள். ஓரகத்தி மட்டும் நகரவில்லை. கணவன் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டி ஏறச் சொன்னான். அவனைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகி, ஓரத்தில் நின்ற பெயிண்டக்காவிடம் வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"பிள்ளையை ஏத்தலாமாக்கா?"

அன்று காலையிலேயே மேலே ஏறிக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்ததைப் பெயிண்டக்கா சொல்லவில்லை.

"ஏத்து. கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் வர்றேன்" என்று சொல்லிச் செருப்பைச் சரிசெய்துகொண்டு படகில் கால் வைத்தாள்.