கதையோடு ஒட்டிய பாட்டு

…ஆர்மோனியத்தில் சுதி பிடித்துவிட்டார்கள், அடுத்தது என் பாட்டுதான், திரைக்குப் பின்னால் நிற்கிறேன், இந்த வெள்ளைச் சேலையை ஒத்திகையில் சிரித்துக்கொண்டுதானே கட்டினேன்... என் வீட்டுக்காரர் காலையிலேயே கடலிலிருந்து வந்திருக்க வேண்டும். கூடப் போன போட்டெல்லாம் காசிமேட்டில் மீனை இறக்கியாகிவிட்டது, அவர் போன போட்டை மட்டும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. எண்ணூருக்கு நேரே பார்த்ததாக ஒருவன் சொன்னான், இன்னொருவன் இல்லை என்றான். என்ஜின் மக்கர் பண்ணியிருக்கும், வேறென்ன, அதைத் தவிர எதையும் நினைக்காதே மெர்லின். ஆம்பளை கடலில் இருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் ஒப்பாரியை முணுமுணுக்கக்கூட மாட்டோம், எழவு வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்காருவோம். இன்றைக்குக் கோயில் திருவிழா நாடகத்தில், மைக் வைத்து, ராயபுரமே கேட்க நான் ஒப்பாரி பாடப்போகிறேன்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் இந்த நாடகத்துக்கு முதலில் எழுதிய கதையில் புருஷன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவான், பெண்டாட்டி ஒப்பாரி வைப்பாள். “இன்னாண்ணே, கோச்சிகினு போன ஆளுக்கு எவனா ஒப்பாரி வெப்பானா? பாட்டு ஒரு பக்கம் போவுது, கத ஒரு பக்கம் போவுது” என்று நக்கலடித்தது நான்தான். மெட்டு அவருக்கு உயிர், பாட்டை விடுவாரா, கதையை மாற்றினார், புருஷனைக் கடலில் சாகடித்தார். “இப்ப ஒட்டிகிச்சா மெர்லினு?” என்றார். நான் கைதட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து என் சவரிநாதனும் தட்டினார், ஐயோ மாதாவே, அவரும் தட்டினாரே...

சற்று முன் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தேன். “இன்னிக்கு இந்தப் பாட்டு வாணாண்ணே, அவரு வரட்டும்.” “பாட்ட எட்த்துட்டா கதைல இன்னா கீது? ஒண்ணும் ஆவாது, போ” என்றார், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஏன் பார்க்கவில்லை, சேதி ஏதாவது வந்து, நாடகம் முடியட்டும் என்று மறைக்கிறார்களா, சீச்சீ, அப்படியும் செய்வார்களா... திரையை இழுத்துவிட்டார்கள், வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, நடுமேடைக்கு வந்துவிட்டேன். முன்வரிசையில் அவர் வேலை பார்க்கும் போட்டின் ஓனர் பெண்டாட்டி சாண்ட்ரா, என்னையே பார்த்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லையே, இவள் எதற்கு அழுகிறாள்?