தட்டில் வந்த கிழங்கு

உஸ்பெகிஸ்தானின் நமன்கான் நகரில் வீட்டுக்கு வீடு பூத்தோட்டம். மவ்லூதா வீட்டில் மட்டும் பாழாய்ப்போன கருநீல ஐரிஸ் இந்த வருஷம் மொட்டே விடவில்லை. முக்காலி போட்டுச் சுவரில் எக்கி, பக்கத்து வீட்டு ஒய்தினின் பூவைப் படமெடுத்து, ‘என் தோட்டத்தில் பூத்தது’ என்று தெருக்காரர்களின் டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டாள். பாராட்டு குவிந்தது.

மாலையில் ஒய்தினே வந்து நின்றாள். காலையில் மவ்லூதா புலாவ் கொடுத்தனுப்பிய தட்டை நீட்டினாள். வாங்கிய தட்டைக் காலியாகத் திருப்பித் தரும் வழக்கம் அங்கே இல்லை. தட்டில் மண்ணோடு ஓர் ஐரிஸ் கிழங்கு இருந்தது.

“எதுக்குக்கா இது?”

“படத்துல ஓரமா என் வீட்டுக்காரரோட கிழிஞ்ச சட்டை காயுதுடி. அடுத்த வருஷம் உன் வீட்டுலயே பூக்கட்டும். முட்டி வலியோட முக்காலி ஏறாதே.”

தட்டை வாங்க மவ்லூதாவுக்குக் கை எழவில்லை. கவுன் பைக்குள் போன் சிணுங்கியது. இன்னொரு பாராட்டு.