பாராட்டுக் கோப்பில் ஒரு மேல்முறையீடு

எங்கள் ஊர் கவுன்சிலுக்கு மரியாதை அதிகம். ஆளைத் தெருவில் நிறுத்தும் கடிதத்தைக்கூட 'அன்புள்ள திரு. என்ட்விசில்' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

என்ட்விசில் என்பது என் கீழ்வீட்டு கிளிஃப். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் 'ஸாரி' சொல்வார். அவருக்கு வந்த கடிதம் இப்படி இருந்தது: உங்கள் மகன் கிரெய்க் உங்களோடு வசிக்கிறார். சம்பாதிக்கும் ஆள் வீட்டில் இருந்தால் முழு வாடகை உதவித்தொகை கிடையாது. ஒரு வருடமாக அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பித் தரவும்.

அவர் தருவாரா என்று பார்க்கக்கூட அவர்களுக்குப் பொறுமையில்லை. வாராவாரம் உதவித்தொகையிலிருந்து பிடிக்கத் தொடங்கினார்கள். வாடகையில் துண்டு விழுந்தது. வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தான். எல்லோரும் அவரவர் கடமையைக் குறைவின்றிச் செய்தார்கள்.

"உங்க மகன் தூரத்துல, ஹல் நகரத்துலதானே இருக்கான்?" என்று கேட்டேன்.

"ஆமா நோரீன்."

"அப்ப, 'நான் ஹல்லுலதான் இருக்கேன்'னு அவன்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கி அனுப்ப வேண்டியதுதானே?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தி. இதுக்கெல்லாம் போய் அவனைத் தொந்தரவு பண்ணணுமா?"

கிரெய்க்கை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் அவன் புகழ் பாடாத படிக்கட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தானாம். அப்பாவுக்கு மாட்டிறைச்சி ரோஸ்ட் செய்து போட்டானாம். ஒழுகுகிற குழாயை மாற்றினானாம். நான் சந்தைக்குப் போகிற நேரமாகப் பார்த்துத்தான் வருவான். என் ராசி அப்படி என்று கிளிஃபிடமே கிண்டலடிப்பேன்.

மேல்முறையீட்டை கிளிஃப் தானே எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவதும் எழுதினார். கவுன்சில் வாயைத் திறக்கவில்லை, உதவித்தொகையைப் பிடிப்பதை மட்டும் மறக்கவில்லை. நான் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி நல்ல பியானோ வாசித்தார்கள். அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு வெந்து, குழைந்து, அடிப்பிடித்து முடியும் வரை கேட்டேன். பிறகு கிளிஃபை இழுத்துக்கொண்டு நேரில் போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "கடிதமெல்லாம் பத்திரமா வந்து சேர்ந்திருக்கு கண்ணு. பாராட்டுக் கோப்புல இருக்கு."

"எதுல?"

"ஜனங்க எங்களைப் பாராட்டி எழுதறதைப் போட்டு வைக்கிற கோப்பு. அதுக்குப் பதில் போடற வழக்கம் இல்ல."

திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். 'உங்கள் ஓயாத உழைப்புக்கு முதலில் என் மனமார்ந்த நன்றி' என்று தொடங்கியிருந்தார் மனிதர். அடுத்த பத்தியில், மழையில் பனியில் அலுவலகம் வந்துபோகும் ஊழியர்களின் உடல்நலம் பற்றி விசாரிப்பு. கடைசி வரிக்கு வந்துதான் விஷயம்: 'என் கணக்கில் ஒரு சின்னத் தவறு நேர்ந்திருக்கலாமோ என்று ஒரு சந்தேகம். அவசரமே இல்லை. நேரம் கிடைக்கும்போது பாருங்கள். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

கவுன்சிலுக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர்கள்மேல் என்ன தப்பு?

"முதல் வரியை எங்க மாதப் பத்திரிகையிலகூடப் போட்டோம். அவ்வளவு அழகா எழுதறார்" என்றாள் அவள்.

கிளிஃபின் முகம் சிவந்தது. ஒருவழியாக மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்படியா? எந்தப் பக்கத்துல?" என்றார்.

"யோவ்!" என்று நான் கத்தியதில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "இந்தாம்மா, இது மேல்முறையீடு. இப்பச் சொல்றேன், எழுதிக்கோ."

"எழுதிக்கலாம் கண்ணு. ஆனா அதுக்கு ஒரு மாசம்தான் கெடு. அது எப்பவோ முடிஞ்சுபோச்சே."

வீடு திரும்பும் வழியில் நூலகத்தில் இலவச ஆலோசனை சொல்லும் பெண்ணைப் பார்த்தோம். மேல்முறையீட்டைக் கவுன்சில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பி வைக்காவிட்டால் நாமே நேராக அங்கே எழுதலாம் என்றாள். இந்த முறை நான் எழுதினேன். யாருக்கும் நன்றி சொல்லவில்லை, யார் உடல்நலத்தையும் விசாரிக்கவில்லை. பதில் உடனே வந்தது. கிளிஃபின் முதல் கடிதம் கெடுவுக்குள்ளேயே வந்துவிட்டதற்குப் பாராட்டுக் கோப்பின் தேதி முத்திரையே சாட்சி என்று வழக்கை எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்குக் கவுன்சிலிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு கட்டுக் காகிதத்தை அனுப்பிவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார்கள். ஜட்ஜம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் புரட்டினார்.

"உங்க மகன் பேங்க்ல உங்க விலாசத்தைத்தான் குடுத்திருக்கார்னு கவுன்சில் சொல்லுது. அதை விசாரிக்க அவங்க உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்க. மகன் உங்களோட தங்கறதுண்டான்னு கேட்டதுக்கு, 'ஓ, பாதி நாள் இங்கதான்'னு சொன்னீங்களாம். சொன்னீங்களா, மிஸ்டர் என்ட்விசில்?"

"சொன்னேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இதை என்னிடம் மூச்சுவிடவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் உங்களோட இருந்தாரா?"

"அந்தப் பொண்ணு போன்ல ரொம்ப நல்லாப் பேசிச்சும்மா. மகன் வருவாரான்னு அவ்வளவு அக்கறையாக் கேட்டுச்சு. வர்றதில்லன்னு சொல்ல வாய் வரல."

"கடைசியா எப்ப வந்தார்?"

"அவங்கம்மா அடக்கத்துக்கு. பதினோரு வருஷம் ஆச்சு. நம்பரையும் மாத்திட்டான்."

குழாயும் ரோஸ்ட்டும் ஞாயிற்றுக்கிழமைகளும் பொய். இந்த மனிதர் அந்தப் பொய்யை எங்கள் முன்னால் காப்பாற்ற வீட்டையே விடத் துணிந்திருக்கிறார். அந்தப் பயல் மட்டும் எதிரே இருந்திருந்தால் அறைந்திருப்பேன். அவன் வருகிற நேரத்தைப் பற்றி நான் அடித்த கிண்டலெல்லாம் நினைவுக்கு வந்து, என்னையும் அறைந்துகொள்ளத் தோன்றியது.

கிளிஃப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஒரு கடிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாம் கிரெய்க் பெயருக்கு வந்த பேங்க் கடிதங்கள்.

"அவன் விலாசம் மாத்தலம்மா. வந்தா குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

ஜட்ஜம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அடியில் இருந்தது பழுப்பேறிப் போயிருந்தது.

எங்களை வெளியே உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். ஜட்ஜம்மா நல்ல மனுஷி. நல்ல சேதியை நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று முகமெல்லாம் சிரிப்பாக வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க, மிஸ்டர் என்ட்விசில். ஒரு காசு திருப்பித் தர வேண்டாம். பிடிச்சதையும் அவங்க குடுத்துடணும். உங்க மகன் உங்களோட இல்லங்கறதை இந்தத் தீர்ப்பாயம் முழுசா ஏத்துக்குது."

கிளிஃப் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்கம்மா" என்றார்.